மேல் பொத்தான்

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட மலாய்க்கார டாக்டரம்மா, அவருக்கு இடப்பக்கம் ஒரு சீனர், வலப்பக்கம் நம்மவர் ஒருவர். ஆனால் நம்மவர் கடைசிவரை தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரோரம் கோப்புகளை மடியில் அடுக்கிக்கொண்டு, குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு கிராணிப் பெண். மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் அண்ணன். அவர் முதுகுக்குப் பின்னால், உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நான். ஏழாவது ஆள் அண்ணி. அவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார்.

இதை ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே இருந்தார்கள் என்பதில்தான் காரியம் கெட்டது. துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்று கிராணிப் பெண் சொன்னதும் அண்ணி எழுந்துவிட்டார். அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். பாதி எழுந்த அண்ணி பைகளோடு திரும்ப உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் உள்ளே போனேன்.

அந்த மூன்று டாக்டர்களும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த ஆளால் இனிமேல் வேலை செய்து பிழைக்க முடியுமா, முடியாதா. முடியாது என்று எழுதிவிட்டால் உயிரோடு இருக்கும்வரை மாதா மாதம் இயலாமை பென்ஷன் வரும். முடியும் என்று எழுதிவிட்டால் ஒன்றும் வராது. அவ்வளவுதான்.

டாக்டரம்மா மலாயில் கேட்டார். நடக்க முடிகிறதா? படி ஏற முடிகிறதா? தனியாகக் குளிக்க முடிகிறதா? அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்.

"பொலே, டாக்டர்."

பொலே என்றால் மலாயில் முடியும் என்று அர்த்தம். இந்த நாட்டில் பிறந்த குழந்தை அம்மா சொல்லக் கற்றுக்கொண்ட கையோடு கற்றுக்கொள்ளும் வார்த்தை அது. நாமெல்லாம் முடியுமோ முடியாதோ, ஒரு பேச்சுக்குச் சொல்லிவைப்போம். அண்ணன் அப்படிச் சொல்கிறவர் இல்லை. வாயிலிருந்து வந்த நொடியிலேயே அதை நம்பிவிடுவார்.

வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். எப்படித் தூக்கினார் என்று பின்னால் இருந்த எனக்குத்தான் தெரியும். இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, உடம்பு முழுவதையும் வீசி, அந்த வீச்சில் கையைத் தோள்வரை கொண்டுபோனார். முதுகில் சட்டை நனைந்து, ஈரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அவர்களுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. முன்பக்கம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை. உலு திராமில் ஒரு மரத் தளவாடத் தொழிற்சாலையில்தான் எனக்குப் பழக்கம். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே மேசைக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் போர்க்லிஃப்ட் ஓட்டினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் இருந்த அடுக்குமாடியும் ஒன்றே, அவர் மூன்றாம் மாடி, நான் நான்கு. அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. நம் ஆட்கள் அண்ணன் என்றார்கள், மற்றவர்கள் மிஸ்டர் பொலே என்றார்கள்.

ஒருமுறை என் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது. ஆள் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் பொலே என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பேனரோடு வந்தார். பத்து மணிக்கு ஒழுகல் நின்றது. பதினொரு மணிக்குக் குழாயே கையோடு வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு, அவருக்குப் பக்கத்து வீட்டில், அதாவது எனக்கு நேர் கீழே குடியிருந்த சீனக் கிழவர் குடையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். மழை என் வீட்டிலிருந்துதான் பெய்கிறது என்று காட்டுவதற்காகவே குடை. நான் தரையைத் துடைக்கத் துணி தேடினேன். அண்ணன் கிழவரிடம், அங்கிள் வீட்டில் பழைய குழாய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இன்னொரு முறை எங்கள் மாடி மண்டபத்தில் ஒரு கல்யாணம். சமையல்காரர் வண்டி பழுதாகி குளுவாங் பக்கம் நின்றுவிட்டார். முந்நூறு பேருக்குச் சோறு வடிக்க யாரால் முடியும் என்று பெண் வீட்டார் கையைப் பிசைந்தபோது, பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. சோறு கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வந்தது. அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் போய், இது ஜொகூர் பக்குவம், வெளியூர்க்காரங்களுக்குப் பழகணும் என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. இந்த மனுஷன் என்றைக்காவது ஒருநாள் முடியலன்னு சொல்லணும் தம்பி, அதக் கேட்டுட்டுத்தான் நான் கண்ண மூடணும் என்று என்னிடம் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

நானோ நேர் எதிர். எந்த வேலைக்கும் முதலில் முடியாமல் போனால் என்ன ஆகும் என்றுதான் யோசிப்பேன். அடையாள அட்டையை நான்கு நகல் எடுத்து வைப்பேன். பத்து மணிக்கு வரச் சொன்னால் எட்டு மணிக்கே போய் நிற்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை.

"பயப்படறதுக்கு கவர்மெண்ட்ல ஒரு பென்ஷன் இருந்தா, தம்பிக்கு இருபது வயசிலயே கெடைச்சிருக்கும் லா" என்பார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டேன், ஏன் அண்ணே எதுக்குமே முடியாதுன்னு சொல்ல மாட்டேங்கறீங்க என்று. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அவர் பிறந்தது குளுவாங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், பெரட்டு என்று அதற்குப் பெயர். அவர் அப்பா காய்ச்சலோடு ஒருநாள் பெரட்டில் நின்று, இன்றைக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

"பேர அடிச்சிட்டாங்க. அன்னைக்கு மட்டும்னுதான் அப்பா நெனைச்சாரு. அடிச்ச பேர திரும்ப எழுதவே இல்ல, தம்பி."

சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டுப் போர்க்லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஒரு வருஷம் ஆர்டர் குறைந்தது என்று சொல்லி எங்கள் ஷிப்டையே மூடினார்கள். ஒரே கடிதத்தில் நாற்பது பேர். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொன்பது தாண்டியிருந்தது. சேமநிதியில் இருந்ததை ஐம்பத்தைந்திலேயே எடுத்து வீட்டுச் செலவுக்குப் போட்டிருந்தார். அது போக, அவர் உழைப்பில் பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் போனது. தினமும் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய் இருட்டோடு திரும்பி வந்த வருஷங்கள். சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் இந்தப் பக்கத்துச் சந்தாப் புத்தகத்தில் அந்தப் பன்னிரண்டு வருஷமும் வெறும் வெள்ளைத் தாள். ஜொகூரில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. கையில் காசு இருக்கும்போது யாருக்கும் இது தெரிவதில்லை.

வேலை போனவர்களுக்குச் சமூகக் காப்பீட்டு ஆபீசில் சில மாதங்கள் உதவித்தொகை உண்டு, அறுபது நாளுக்குள் எழுதிப் போட வேண்டும் என்று தெரிந்த முதல் நாளே நான் எனக்கும் அவருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கொடுப்பார்கள். முதல் மாதம் சம்பளத்தில் எண்பது விழுக்காடு, பிறகு ஐம்பது, பிறகு நாற்பது இரண்டு மாதம், முப்பது இரண்டு மாதம். அண்ணனுக்குச் சம்பளம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி. அந்த மனுப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேலை கிடைத்தால் செய்ய உங்களால் முடியுமா, தயாராக இருக்கிறீர்களா? நான் கேட்டேன். அவர் சொன்ன பதிலைத் தனியாக எழுத வேண்டியதில்லை. மாதா மாதம் வேலை தேடியதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். அதையும் ஒழுங்காகச் செய்தார். ஒரு காவல் கம்பெனியில், மாண்டரின் பேச வருமா என்று கேட்டதற்குப் பொலே என்றாராம். எங்கே பேசு என்றதும், சாப்பிட்டாச்சா என்ற ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது வலது கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பேச்சு வந்துவிட்டது, காலும் இழுத்து இழுத்து வந்துவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் வரவில்லை. சட்டை போட்டுவிடுவது, சோறு பிசைந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அண்ணி. கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார்கள். நான் போனால் அண்ணன் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, எல்லாம் தானே செய்துகொண்டவர் மாதிரி நாற்காலியில் இருப்பார்.

இயலாமை பென்ஷன் என்று ஒன்று இருப்பதை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் அண்ணியிடம் சொன்னார். அப்போது பிடித்தது எனக்குப் பயம். முதல் பயம் கணக்கு. கடைசி நாற்பது மாதத்தில் இருபத்து நான்கு மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சுவர்க் காலண்டர்களை எடுத்து வைத்து எண்ணினேன். சிங்கப்பூரிலிருந்து வந்தபின் இருபத்தேழு மாதம். மூன்று மாதத்தில் தப்பினார். நம்பாமல் மூன்று தடவை எண்ணினேன். இரண்டாவது பயம் வயசு. அறுபது முடிந்துவிட்டால் புதிதாக மனுப் போட வழியில்லை. மூன்றாவதுதான் பெரியது. ஒரே ஆபீசில், ஒரே மனிதர் பெயரில், ஒரு தாள் இவரால் வேலை செய்ய முடியும் என்கிறது. இன்னொரு தாள் முடியாது என்று சொல்லப்போகிறது. இரண்டு தாளும் ஒரே மேசையில் சந்தித்துக்கொண்டால்?

நானே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். இரண்டுக்கும் மனுப் போடலாம். இயலாமை நிச்சயமானால், மனுப் போட்ட நாளிலிருந்து பென்ஷன் கணக்காகும். அந்த மாதங்களில் வேலையிழப்புப் பணமும் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. நான் வந்து இருவரிடமும் சொன்னேன். வேலையிழப்புப் பணத்தை இப்போதே நிறுத்திவிடலாம் என்றேன்.

"நிறுத்திட்டு இந்த மூணு மாசம் அடுப்புல என்னத்தப் போடறது தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"திருப்பிக் கேட்டா திருப்பிக் கட்டறோம். பொலே" என்றார் அண்ணன்.

அதே நாளில் இடது கையால் பென்ஷன் மனுவிலும் கையெழுத்துப் போட்டார். வேலை செய்ய இயலாதவன் என்று அதில் இருந்தது. அண்ணி போடச் சொன்னார், போடுகிறேன் என்று சொல்லிவிட்டார், அதனால் போட்டார். அண்ணி கேட்டு எதற்கும் மாட்டேன் என்று அவர் சொன்னதில்லை. அது ஒரு தாள், அவ்வளவுதான் அவருக்கு.

ஆனால் வேலை தேடுவதை அவர் நிறுத்தவில்லை.  வேலை தேடியதைக் காட்ட வீட்டில் உட்கார்ந்து போனில் கட்டத்தை அழுத்தினால் போதும், இவர் நேரில் போவார். ஒருநாள் காலை இழுத்துக்கொண்டு கார் கழுவும் கடைக்குப் போய் நின்றார், நானும் கூட இருந்தேன். முதலாளி இவரை மேலும் கீழும் பார்த்தார். பையிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து இவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.  அண்ணன் இடது கையால் நோட்டை எடுத்து, கழுவுகிற பையன்களுக்கு என்று வாசலில் வைத்திருந்த டின்னில் மடித்துப் போட்டார்.

"தப்பா புரிஞ்சிக்கிட்டாரு. நாம நேரம் பார்த்து வரல" என்றார்.

மனுப் போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த ஆறு பேர் அறை. அது நடந்து இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இயலாமை நிரூபிக்கப்படவில்லை. தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது அண்ணனுக்கு அறுபது ஆக இரண்டு மாதம்தான் பாக்கி. வேலையிழப்புப் பணமும் நின்றுவிட்டது. வீட்டு வாடகை மூன்று மாதம் நிற்கிறது. யோங் பெங்கில் கட்டிக்கொடுத்த மகளிடம் கேட்கலாம் என்றால், கேட்க அண்ணன் விடமாட்டார். இனி மிச்சம் இருந்தது அந்த ஒரு மேல்முறையீடுதான்.

அண்ணி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாடிப்படியில் என்னை நிறுத்தினார். அண்ணனுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அவரு பொலே பொலேன்னுதான் சொல்லியிருப்பாரு, எனக்குத் தெரியும். உன்கிட்ட ஒண்ணும் கேக்கலயா?"

கேட்டார்கள். கடைசியில் அந்த டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். நீங்கள் ஒரே கட்டடத்தில்தானே இருக்கிறீர்கள், இவர் எல்லாம் தானாகவே செய்துகொள்கிறாரா என்று. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால் அவர் பேரை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

"பொலேன்னு சொன்னேன் அண்ணி."

அண்ணி திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அதுக்குத்தான் உன்ன கூட்டிட்டுப் போனாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதற்குத் திட்டே பரவாயில்லை.

மேல்முறையீட்டுக்கு நான் ஆறு நகல் எடுத்தேன். போன தடவை நான் சொன்னது பொய் டாக்டர், இவரால் ஒரு கரண்டி பிடிக்க முடியாது என்று மலாயில் எழுதி மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதெல்லாம் அந்தக் கண் வந்து நின்றது.

அந்த நாள் காலையில் காரை இரவல் வாங்கிக்கொண்டு வழக்கம்போல இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். இருவரும் இறங்கி வந்தார்கள். அண்ணி புடவையெல்லாம் திருத்தமாகக் கட்டியிருந்தார். அண்ணன் சட்டை திறந்து கிடந்தது, உள்ளே பனியன் தெரிந்தது. எனக்குப் புரியவில்லை.

"அண்ணி, பொத்தான் போடல…"

"அவரையே கேளு. அவருக்குத்தான் எல்லாம் பொலே ஆச்சே."

உலு திராமிலிருந்து ஜொகூர் பாருக்கு வண்டியை விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், பின் இருக்கையில் அண்ணன் இடது கையால் போட்டுக்கொண்டே வந்தார். சாலை நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது இரண்டு பொத்தான் போட்டிருந்தார். இரண்டும் ஓட்டை மாறி. சட்டை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் தொங்கியது. அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு அவருக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டியிருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கோலத்தில் போனால் மரியாதை இல்லை என்று டாக்டர்கள் கோபிப்பார்களே என்றுதான் கவலைப்பட்டேன்.

இந்தத் தடவை வேறு டாக்டர்கள். துணைக்கு இரண்டு பேரையும் விட்டார்கள். நடுவில் வயதான மலாய்க்காரர் ஒருவர், மெதுவாகப் பேசுகிறவர். அதே கேள்விகள். நடக்க முடிகிறதா? பொலே. படி? பொலே. குளிப்பது? பொலே. நான் மனப்பாடம் செய்ததை உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டு, எப்போது என்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். டாக்டர் எதையும் எழுதவில்லை. சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு யார் உடுத்திவிட்டது என்று கேட்டார். நானே போட்டுக்கொண்டேன் என்றார் அண்ணன். பொய்யில்லை.

நல்லது, அந்த மேல் பொத்தானையும் போடுங்கள் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அண்ணன் போட ஆரம்பித்தார். வலது கையைத் தூக்கி மார்பில் சார்த்தி வைத்தார், அது சரிந்தது. மறுபடி சார்த்தி வைத்தார். இடது கையால் பொத்தானைப் பிடித்து ஓட்டைக்குக் கொண்டுபோனார். துணி விலகியது. துணியைப் பிடித்தார், பொத்தான் நழுவியது. சுவரில் கடிகாரம் இருந்தது, நான் அதைப் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். டாக்டர் போதும் என்று சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன, காற்றில் ஒரு பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரிந்திருக்காது. நான்கு நிமிஷம். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆறு நிமிஷம்.

அண்ணன் இரண்டு கையையும் தொடையில் இறக்கி வைத்தார்.

"நாளைக்குப் போடுறேன், டாக்டர்" என்றார் மலாயில்.

டாக்டர் அப்போதுதான் பேனாவை எடுத்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனப்பாடம் செய்தது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அண்ணி எழுந்து போய், எல்லார் முன்னாலும், ஓட்டை மாறிய இரண்டையும் கழற்றி, கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். மேல் பொத்தானுக்கு வந்தபோது அண்ணன் முகவாயைத் தூக்கிக்கொடுத்தார்.

காரில் திரும்பும்போது அண்ணி, முடியலன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே மனுஷன் என்றார். கோபமா, பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பென்ஷன் கிடைத்தது. மனுப் போட்ட நாளிலிருந்து கணக்குப் பண்ணி நிலுவையும் வந்தது. அது வாடகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அப்படியே போனது. அடுத்த மாதம் ஆபீசின் இன்னொரு பிரிவிலிருந்து கடிதம் வந்தது, கவுண்டர் பெண் சொன்னபடியே. பென்ஷனும் வேலையிழப்புப் பணமும் சேர்ந்து ஓடிய மூன்று மாதத்துக்கு, எழுநூற்று அறுபது, ஐந்நூற்று எழுபது, ஐந்நூற்று எழுபது. கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம். சரியாக அவருடைய ஒரு மாதச் சம்பளம்.

நான் பாதி கட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பயந்துகொண்டே சொன்னேன், அப்போது ஒரு சலவைக்கடையில் எனக்குக் கிடைத்த சம்பளம் எனக்கே போதவில்லை. அண்ணன் என் தோளில் இடது கையை வைத்து, தம்பி உன் பங்குக்கு நீ கவலப்படு, கட்டறத நான் கட்டறேன் என்றார். மாதம் நூறு வெள்ளி. போனிலேயே கட்டலாம் என்று நான் காட்டிக்கொடுத்தும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஊன்றுகோலோடு பஸ் ஏறிப் போய்க் கவுண்டரில் கட்டி, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். பொத்தானெல்லாம் சரியாக இருக்கும், அண்ணி போட்டுவிட்டது. பன்னிரண்டு மாதம் கட்டினார். பதின்மூன்றாம் மாதம் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை.

அவர் பென்ஷன் அண்ணி பெயருக்கு மாறுவதற்குக் கையெழுத்துப் போட நாங்கள் இருவரும் அந்த ஆபீசுக்குப் போனோம். எல்லாம் முடிந்தபின் நான்தான் அந்த மிச்சத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் வந்தால் பிறகு வட்டி கிட்டி என்று ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். கணவர் இறந்துவிட்டதால் மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஒரே ஒரு பக்கம்தான், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒரு பாரம் இறங்கியது. பேனாவின் மூடியைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினேன்.

அண்ணி தாளை ஒருமுறை படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். கீழே ஒரு கட்டம் இருந்தது. மீதியைச் செலுத்த என்னால் முடியாது என்று அதற்குப் பக்கத்தில் அச்சடித்திருந்தது. கையெழுத்துக்குமுன் அதில் ஒரு கோடு போட வேண்டும்.

"இதுல கோடு போடணுமா?"

"ஆமா அண்ணி. சும்மா ஒரு கோடுதான்."

அவர் பேனாவைக் கவுண்டரில் வைத்தார். பையைத் திறந்து, சுருக்குப் பைக்குள்ளிருந்து இரண்டு ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து அந்தத் தாளின் மேலேயே வைத்து முன்னால் தள்ளினார்.

கவுண்டர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குக் காரில் பார்த்தது மாதிரி. ரசீது வந்தது. நான்தான் வாங்கிப் படித்தேன், இரண்டு தடவை, தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று. தப்பில்லை. இன்னும் அறுநூறு வெள்ளி.